பலகையில் பத்து மணி

அரிசிக்கு மேல் ஒரு விரல்கணு தண்ணீர் நிற்க வேண்டும் என்று பகவதி சொல்லியிருந்தாள். யார் விரல் என்று சொல்லவில்லை. தாணுமாலயன் பாத்திரத்துக்குள் ஆள்காட்டி விரலை நட்டு வைத்துக்கொண்டு யோசித்தார். அவள் விரல் ஒல்லி, கணுக்கள் நெருக்கம். அவருடையது தொலைபேசி இலாகாவில் முப்பத்து மூன்று வருஷம் எண்களைச் சுழற்றித் தடித்த விரல். அவள் கணுவுக்கு வைத்தால் அரிசி விறைக்கும், தன் கணுவுக்கு வைத்தால் கஞ்சியாகும், நடுவில் நிறுத்தலாம் என்றால் நடு எது? அறுபத்து நான்கு வயதில், திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, இரண்டு இடத்தில் மாறி, நியூசிலாந்து வரைக்கும் வந்து, உச்சியில் பனி ஒட்டிக்கொண்டிருக்கும் மலைகளுக்கு நடுவே ஒரு மோட்டல் அறையில் பாத்திரத்துக்குள் விரலை விட்டுக்கொண்டு நிற்கிறோமே என்று அவருக்கே சிரிப்பு வந்தது. எல்லாம் வாய்க்கொழுப்பு. கிறைஸ்ட்சர்ச்சில் வேலை பார்க்கும் மகள் செண்பகம், மூன்று நாள் மலையில் இருந்துவிட்டு வாருங்கள் என்று இருவரையும் ரயிலேற்றிவிட வந்தபோது இவர் சும்மா இருந்திருக்கலாம். அறையிலேயே அடுப்பு இருக்கும், பாத்திரம் இருக்கும், நாமே சமைத்துக்கொள்ள வேண்டியதுதான், அங்கே சாப்பாட்டுக் கடை கிடையாது என்று அவள் சொன்னபோது பகவதியின் முகம் ஒரு நொடி வாடியது. கடல் தாண்டி வந்தும் அடுப்புதானா என்று கேட்காமல் கேட்ட முகம். அதைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது. “மூணு நாளும் நான்தான் சமையல். இவ கரண்டியத் தொடப்பிடாது” என்று நாலு வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி அறிவித்தார். “நீங்களா? அடுப்பு எந்தப் பக்கம் எரியும்னு தெரியுமா?” என்று பகவதி சிரித்தாள். இங்கே அடுப்பு எந்தப் பக்கமும் எரியவில்லை. கறுப்புக் கண்ணாடிப் பலகை, தீயே கிடையாது, பொத்தானைத் திருகினால் ஒரு வட்டம் வெட்கப்பட்டுச் சிவந்தது, அவ்வளவுதான். அந்த வட்டத்தில் நேற்றைய பால் கருகி ஒட்டிய தழும்பு இன்னும் இருந்தது. சாவியோடு ஒரு சின்னப் பால் புட்டியையும் சேர்த்துக் கொடுப்பது இங்கே வழக்கமாம், வருகிறவர்கள் டீ போட்டுக்கொள்ள. மோட்டலை நடத்தும் ஷோனா அதைக் கையில் கொடுத்ததும் பகவதி அசந்துபோனாள். புது வீட்டுக்குள் நுழைகிறவர்களிடம் பால் கொடுக்க இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அதை அடுப்பில் ஏற்றி, கிழக்கு எது என்று ஜன்னலில் பார்த்து, பொங்கி வழியும்வரை கை கட்டி நின்றாள். வழிந்ததைச் சுரண்டியது தாணுமாலயன். சமையல் அவருடைய பொறுப்பென்றால் சுரண்டலும் அதில் சேர்த்திதானாம். விரலை எடுத்தார், நடுவுக்கும் கொஞ்சம் மேலாகத் தண்ணீர் ஊற்றினார், மூடிவைத்தார்.

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு பத்து. பகவதி எட்டு மணிக்குப் போனவள். நீர்வீழ்ச்சிக்குப் போக அரைமணி, வர அரைமணி, நின்று பார்க்க ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் பத்து. பத்துக்கு மேல் இரண்டு மணி நேரமும் பத்து நிமிஷமும் ஆயிற்று. போகட்டும், அவளுக்குத் தண்ணீரைப் பார்த்தால் கண் எடுக்க வராது, திற்பரப்பு அருவியில் ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டவள்தானே. உருளைக்கிழங்கை எடுத்தார். தோல் சீவும் கருவியைத் தேடி இழுப்பறையைத் திறந்தால் உள்ளே வளைந்து வளைந்து போகிற ஓர் இரும்புக் கம்பி, குழி விழுந்த கரண்டி, எதற்கென்றே தெரியாத ஒரு சக்கரம். காலையில் வாசலில் அவள் ஷூ போட்டுக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. செண்பகம் வாங்கிக் கொடுத்த ஷூ. நாடாவைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். செருப்பு வாரை மாட்டக்கூட அவளுக்கு எப்போதும் நேரமாகும், கால் வாகு அப்படி. முதுகில் பை, கையில் ஊன்றுகோல். “போயிட்டு வாறேன்” என்றாள். எங்கே போற என்று அவர் நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார். வெளியே இறங்குகிற ஆளை எங்கே என்று கேட்கக் கூடாது. அது அவர் பிறந்த வீட்டில் சட்டம். கேட்டால் போகிற காரியம் விளங்காது. தெரியாமல் கேட்டுத் தொலைத்துவிட்டால் இறங்கினவர் திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி படி இறங்க வேண்டும். ஆறு வயதில் சித்தப்பா வேலைக்கான நேர்காணலுக்குப் புறப்பட்டபோது “எங்க போறிய?” என்று கேட்டுவிட்டார். சித்தப்பா அவசரத்தில் உட்காராமல் போய்விட்டார், வேலை கிடைக்கவில்லை. அந்தப் பழி இன்றைக்கும் தாணுமாலயன் பேரில்தான் இருக்கிறது. அதற்கப்புறம் யாரையும் கேட்டதில்லை. பகவதியைக் கேட்டதே இல்லை. அவள் கிராம சுகாதார செவிலியாக இருந்தவள், தினம் ஒரு ஊர், தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைக் குடியிருப்புகளுக்கெல்லாம் நடந்தே போய் வந்தவள். இவர் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் துருப்பிடிக்க விட்டவர், அதனால்தான் இன்று அவள் மலையிலும் இவர் அடுப்படியிலும். முப்பத்தாறு வருஷத்தில் ஒருநாள்கூட அவளை வாசலில் நிறுத்தி எங்கே என்று கேட்காதது பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அப்படியானால் பலகையில் நீர்வீழ்ச்சி என்று எழுதியது யார்? அவர்தான். அலுவலக அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் நடக்கப் போகிறவர்கள் அறை எண், பெயர், போகிற பாதை, திரும்பும் நேரம் எழுதிவைக்க வேண்டும். எழுதின நேரத்துக்கு ஆள் வராவிட்டால் நான் தேட ஆரம்பித்துவிடுவேன் என்று ஷோனா நேற்றே சொல்லியிருந்தாள். பகவதி எழுதாமல் போய்விட்டாள் என்று தெரிந்ததும் இவரே செருப்பை மாட்டிக்கொண்டு போய், எக்ஸ்சேஞ்சில் எல்லோரும் மெச்சிய அந்த முத்து முத்தான கையெழுத்தில், நான்கு, பகவதி, நீர்வீழ்ச்சி, பத்து மணி என்று எழுதிவிட்டு, இரண்டு அடி பின்னால் நகர்ந்து அழகு பார்த்துவிட்டு வந்தார். வாசல் கேட்டிலிருந்து இரண்டு பாதை. ஒன்று மரங்களுக்குள் புகுந்து நீர்வீழ்ச்சிக்கு. மற்றது மரங்களையெல்லாம் விட்டு மேலே மேலே போய் மலை முதுகில் ஏறுகிறது, போய்வர ஐந்து ஆறு மணி நேரம். அறுபது வயதுப் பெண்பிள்ளை தனியாக எதில் போவாள்? இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? கிழங்கை நறுக்கினார். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் விழுந்தது. பக்கத்து மேசையில் ரொட்டிப் பொட்டலம் வாய் திறந்து கிடந்தது. காலையில் அவர் இரண்டு துண்டு தின்றார், அவள் இரண்டு. மீதி எண்ணிப் பார்க்க வேண்டும் என்று எதற்குத் தோன்றியதோ, எண்ணினார். ஆறு துண்டு குறைந்தது. மறுபடி எண்ணினார். அரைமணி தூரத்து நீர்வீழ்ச்சியைப் பார்க்க ஆறு துண்டு ரொட்டி எதற்கு? இரண்டு வாழைப்பழத்தையும் காணோம். மூடி போட்ட எவர்சில்வர் சம்புடத்தைக் காணோம். மழைக் கோட்டைக் காணோம். ஆறு துண்டு. அவளுடைய செல்போன் மட்டும் கட்டில் தலைமாட்டில் சார்ஜரில் சமர்த்தாகக் கிடந்தது, மாத்திரை போடச் சொல்லி அலாரம் அடித்தது, அவர் அதை அணைத்துவிட்டு, அணைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சோறு பொங்கி மூடியைத் தட்டியது.

கதவையும் யாரோ தட்டினார்கள். ஷோனா, கூடவே அவளுடைய கறுப்பு நாய். அறுபதைத் தாண்டியவள், அரைக்கால் சட்டை, சாயம் போன தொப்பி. அவள் பேசுவது இங்கிலீஷ்தான் என்றாலும் பாதி எழுத்தை மூக்கு வழியாக விழுங்கிவிடுவாள். ஊர் ஊராக ஆபரேட்டர்களோடு பேசிப் பழகிய காது, தாணுமாலயனுக்குப் புரிந்தது. “உங்க மனைவி பத்து மணிக்கு வரணும்னு பலகையில இருக்கு. நான் இவனைக் கூட்டிக்கிட்டு நீர்வீழ்ச்சிவரை போய்ப் பார்த்துட்டேன். அங்க அவங்க இல்ல.” அவர் கையில் கத்தியும் கிழங்கும் இருந்தன. கிழங்கைக் கீழே வைக்க மறந்து நின்றார். “எங்க போறதா உங்ககிட்ட சொன்னாங்க?” “சொல்லவில்லை.” “நீங்க கேக்கலையா?” இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? வெளியே கிளம்புகிறவரைக் கேட்கக் கூடாது, எங்கள் ஊரில் அது ஆகாது, கேட்டால் போன காரியம் கெட்டுவிடும் என்று சொல்லி முடித்தபோது தன் காதுக்கே அது கிறுக்குத்தனமாகக் கேட்டது. ஷோனா சிரிக்கவில்லை. “என் வீட்டுக்காரர் மீன்பிடிப் படகு வச்சிருந்தார். படகுல வாழைப்பழம் வந்தா கெட்டது நடக்கும்பார். ஒருதடவை என் பையில ஒரு பழம் இருந்ததுக்கு என்னையும் சேர்த்துக் கரையில எறக்கிவிட்டுட்டுப் போயிட்டார்.” நாயின் தலையைத் தடவினாள். “அது அவர் சட்டம், இது உங்க சட்டம். என்கிட்டயும் ஒரு சட்டம் இருக்கு. ரெண்டு மணிவரை பார்ப்பேன். ரெண்டு அடிச்சா மீட்புக் குழுவுக்கு ஃபோன். அதுக்குள்ள உங்க பொரியலைக் கவனிங்க, ஏதோ கருகுது.” கருகவில்லை, சட்டியில் எண்ணெய் காய்ந்து புகைந்தது. வானம் தெளிவா இருக்கு, பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். பயப்படாதீர்கள் என்று யாராவது சொன்னால்தான் அவருக்குப் பயமே பிடிக்கும்.

பன்னிரண்டு நாற்பத்தைந்து. ரசத்துக்குத் தாளிக்க வேண்டும். வற்றல் மிளகாய் புகைந்தால் கூரையிலிருக்கும் வெள்ளை வட்டம் கத்தும், கத்தினால் தீயணைப்பு வண்டி வரும் என்று சுவரில் ஒட்டியிருந்தது. மனைவியைக் காணோம் என்று ஒரு வண்டி, மிளகாய் புகைந்தது என்று இன்னொரு வண்டி, இந்தச் சின்ன ஊர் தாங்காது. ஜன்னல்கள் அத்தனையும் திறந்தார். திறந்த ஜன்னலில் பச்சையாக ஒரு பெரிய கிளி வந்து உட்கார்ந்தது. இந்த மலைக் கிளிகள் எதையும் தூக்கிக்கொண்டு போகும் என்று அதுவும் சுவரில் ஒட்டியிருந்தது. போ என்றார். தமிழ் புரியாததால் அது உள்ளே குதித்து, மேசைமேல் இரண்டு எட்டு நடந்து, மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று இருந்த பெருங்காய டப்பாவைத் தலையைச் சாய்த்துப் பார்த்து, அலகில் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது. தாணுமாலயன் கரண்டியோடு வாசல்வரை ஓடினார். ஓடின முழங்கால் என்ன செய்கிறாய் என்று கேட்டது. அங்கே நின்றபோது மலை முழுசாகத் தெரிந்தது. மரங்கள் ஓர் இடத்தில் கோடு கிழித்த மாதிரி நின்றுவிட, அதற்கு மேல் புல், அதற்கு மேல் பாறை, பாறை இடுக்கில், இங்கே கோடையான தை மாத வெயிலிலும் கரையாத பனி. அங்கே எறும்பு அளவுக்குக்கூட ஆள் தெரியவில்லை. இப்படித்தான் ஓர் ஐப்பசியில் அவள் போனாள். பேச்சிப்பாறைக்கு மேலே எங்கோ ஒரு குடியிருப்பில் பிரசவம் என்று காலையில் படி இறங்கினவள், மழை பிடித்துக்கொண்டு, ஆறு பெருகி, மாலை ஆகியும் வரவில்லை. இவர் எக்ஸ்சேஞ்சில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, என் மகன் எங்கே, என் லாரி எங்கே என்று கேட்ட ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார். தன் ஆளைக் கேட்க எந்த ஊருக்குப் போடுவது? ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், “எந்தக் குடியிருப்புன்னு வீட்டுல சொல்லிட்டுப் போகலையாங்க?” என்று கேட்டார். மறுநாள் மதியம் சேலை முழங்காலளவு நனைந்து வந்து நின்றாள். இவர் என்ன சொன்னார்? “சாப்பிட்டியா?” என்றார். அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்சின் பேட்டரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுததைச் சொல்லவில்லை. நீ இல்லாவிட்டால் எனக்கு ஒன்றுமே இல்லை என்பதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும் என்று நினைத்தார், நீர்வீழ்ச்சிக்குத்தான் போவாள் என்று நினைத்த அதே தைரியத்தில். ஆறு துண்டு ரொட்டி. இரண்டு வேளைக்கு மூன்று மூன்று என்றால்? ஊன்றுகோல் ஒன்றுதான் எடுத்தாள். கால் பிசகினால்? அந்தக் காலா பிசகும், முப்பது வருஷம் மலை ஏறின கால். ஆனால் அந்த மலை தமிழ் பேசுகிற மலை. இது வேறு. ரசம் கொதிக்கப் பார்த்தது, ரசம் கொதிக்கக் கூடாது, நுரை கூடும்போது இறக்க வேண்டும், எந்த நுரை? ஒன்று பத்து. பாத்திரத்தைத் திறந்தார். சோறு பூப்போல வெந்திருந்தது, நடுவுக்குக் கொஞ்சம் மேல் என்பதுதான் சரியான கணு. இந்த வெற்றியைச் சொல்ல ஆள் இல்லை. அப்பளத்தை மைக்ரோவேவில் வைத்தார், அது உள்ளே தனியாகச் சுற்றிச் சுற்றிப் பொரிந்தது. இரண்டு தட்டு வைத்தார். ஒன்று நாற்பது. உட்கார்ந்தார், எழுந்தார், தட்டை இடம் மாற்றினார். ஷோனாவிடம் போய் இப்போதே ஃபோன் போடச் சொல்லலாமா? வந்து நிற்கிறவள் ஊரைக் கூட்டிவிட்டீர்களே என்று ஏசுவாள். ஏசட்டும். வந்து ஏசினால் போதும்.

நாய் குரைத்தது. ஒன்று நாற்பத்தைந்துக்கு, முகம் தக்காளிப்பழமாகச் சிவந்து, தொப்பியை விசிறியாக வீசிக்கொண்டு, பகவதி வாசலில் நின்றாள். “சோறு வெந்துட்டா?” என்றாள். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். வந்தவரைக் கேட்கலாம், அதற்குத் தடை இல்லை. “எங்க போயிருந்த?” “மேல. அந்த மரமெல்லாம் தீந்து போகுதுல்லா, அதுக்கும் மேல. பனியத் தொட்டுட்டு வந்தேன், கேட்டேளா! வழியில ஒரு பொம்பளப் பிள்ள சுருண்டு உக்காந்திருந்தா, வயித்தத் தொட்டுக் காட்டினா, காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல்ல போல, ரொட்டிய அவளுக்குப் பாதி குடுத்தேன். ஒரு வார்த்தகூட அவளுக்கு நான் பேசினது புரியல்ல, எனக்கு அவ பேசினது புரியல்ல, ஒரு மணி நேரம் பேசினோம்.” பையிலிருந்து சம்புடத்தை எடுத்தாள். “உங்களுக்கு ஏற முடியாதுல்லா, அதான் ஒரு கட்டி அள்ளிப் போட்டுட்டு வந்தேன்.” திறந்தால் உள்ளே பாதிக்குத் தண்ணீர், அடியில் இரண்டு மண் துகள். “அடடா. எறங்கும்போ எல்லாம் உருகிட்டு” என்று அவளே சிரித்தாள். கை கழுவிவிட்டு உட்கார்ந்து ரசத்தை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடினாள். முப்பத்தாறு வருஷத்தில் அவள் உட்கார்ந்திருக்க இவர் பரிமாறுவது இதுதான் முதல்தடவை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. “நல்லா இருக்கு. பெருங்காயம் போடல்லியா?” “கிளி கொண்டு போயிட்டு.” “கிளியா?” “அதை விடு. நீ வரல்லன்னு ரெண்டு மணிக்கு ஆள் விட்டுத் தேடப் போறாங்க. நீ நீர்வீழ்ச்சிக்குப் போயிருக்கன்னு போர்டுல எழுதிட்டேன்.” “நீர்வீழ்ச்சின்னு யாரு சொன்னா?” “யாரும் சொல்லல்ல. நானா நெனச்சேன்.” “ஒரு வார்த்தை கேக்கப்பிடாதா?” “கேக்கப்பிடாதுல்லா.” பகவதி கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை, ரசம் நன்றாக இருந்த சந்தோஷம்தான் இன்னும் முகத்தில் இருந்தது. “கேட்டா என்ன ஆகும்? உள்ள வந்து, உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போகணும். அம்புட்டுதானே?” “ஆமா.” “தெனம் நீங்க கேட்டிருந்தேள்னா, தெனம் ஒரு நிமிசம் உங்ககூட உக்காந்துட்டுப் போயிருப்பேன். நடையில நின்னு அந்தச் செருப்பு வார எதுக்கு ரெண்டு தடவ மாட்டுவேன்னு நெனச்சேள்?”

கால் வாகு என்று நினைத்தார். முப்பத்தாறு வருஷமாக அப்படித்தான் நினைத்தார். எத்தனை காலை, எத்தனை படி, ஞாயிறு நீங்கலாக, அவர் பேப்பருக்குப் பின்னால் பெருமையாக வாயை மூடிக்கொண்டிருக்க, அவள் குனிந்து ஒரு வாரை மாட்டி, எடுத்து, மாட்டி. அவள் தட்டில் இன்னொரு அப்பளத்தை வைத்தார். அவள் அதையும் நொறுக்கித் தின்று முடித்தாள், கை கழுவினாள், கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டாக நாலு நிமிஷம். தொப்பியை எடுத்துக்கொண்டாள். “போயிட்டு வாறேன்” என்று வாசலுக்குப் போய் ஷூவுக்குள் காலை விட்டுக் குனிந்தாள். எங்கே போகிறாள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும், பலகையில் பேரை அழிக்கத்தான், நாற்பது அடிகூட இல்லை. நாடாவைக் கட்டினாள். அவிழ்த்தாள். நேர்காணலுக்குப் போகிற சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து இழுக்கப் போகிற மாதிரி இருந்தது தாணுமாலயனுக்கு. “எங்க போற?” என்றார்.

அவள் நிமிர்ந்தாள். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சம்புடத்தை எடுத்து அந்த மலைத் தண்ணீரில் ஒரு வாய் குடித்தாள், மீதியை அவரிடம் நீட்டினாள். பல் கூசும்படி சில்லென்று இருந்தது. வெளியே ஷோனாவின் செருப்புச் சத்தம் அலுவலகத்தை நோக்கிப் போவது கேட்டது.

“பகவதி, மணி ரெண்டாகப் போகுது. அவ ஃபோனைப் போட்டுருவா.”

“இருங்க” என்றாள் அவள். “இன்னும் ஒரு நிமிசம் ஆகல்ல.”